மலை எந்தப் பக்கம்

எங்கள் தயாரிப்பாளர் மேடத்துக்குப் படம் வரையத் தெரியாது. பூனை வரையச் சொன்னால் உருளைக்கிழங்குக்கு மீசை வைத்துக் கொடுப்பார். இத்தனைக்கும் லண்டனில் பாதி ஆயுளுக்கு மேல் அனிமேஷன் படங்களைத் தயாரித்தவர். "அப்போ உங்களுக்கு என்னதான் மேடம் தெரியும்?" என்று சேர்ந்த வாரமே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வேறு யாராவது என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எது சரிப்பட்டு வராதுன்னு மத்தவங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அவர் பேசுவது என்னவோ ஆங்கிலம்தான். என் காதில் விழும்போது அது எங்கள் ஊர்ப் பேச்சாகிவிடுகிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் லண்டனில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தாராம். அப்போதெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும் தாளில் வரைந்து, வண்ணம் அடித்து, ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். பிடித்து முடித்த தாள்களைக் கழுவி மறுபடி வரையக் கொடுப்பது இவர் வேலை. கழுவிக்கொண்டே எந்தத் தாள் யார் கைக்குப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். அப்படியே மேலே மேலே போய் மேனேஜர், பிறகு தயாரிப்பாளர். குழந்தைகளுக்கான டிவி தொடர்கள், தியேட்டரில் ஓடிய இரண்டு முழு நீளப் படங்கள். மூன்றாவது படம் பாதியில் நின்றுபோனது. பணம் போட்டவர்கள் கழன்றுகொண்டார்கள். வரைந்தவர்களை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, படம் இல்லை என்று இவரே சொன்னாராம். மெயிலில் சொல்லலாமே என்று சிலர் சொன்னதற்கு, "நான்தான கூப்ட்டேன், நான்தான அனுப்பணும்" என்றிருக்கிறார். அதற்கப்புறம் தொழிலே வேண்டாம் என்று இங்கே திருவண்ணாமலைக்கு வந்து, செங்கம் சாலையில் ஆசிரமப் பக்கம் ஒரு மாடி அறை எடுத்துத் தங்கினார். சும்மா இருக்கத்தான் வந்தார். சும்மா இருப்பது அந்த அம்மாவுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது.

வேங்கிக்காலில் ஒரு புது வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து ஸ்டுடியோ ஆரம்பித்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த என்னை மேனேஜராக வைத்துக்கொண்டார். அதற்கு முன்னால் நான் சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் இதே வேலை பார்த்துவிட்டு, ஹாஸ்டல் சோறு வெறுத்துப்போய் ஊருக்கு வந்தவள். வீட்டில் நிலக்கடலை பயிர் போட்டு என்னை வளர்த்தார்கள். பொம்மைப் படத்துக்கு எதற்கு மேனேஜர் என்று அப்பா இன்றைக்கும் கேட்கிறார். மேடத்தைப் பார்த்த பிறகு எனக்கு அதற்குப் பதில் தெரியும். நூறு பேர் நூறு துண்டாகச் செய்வதை ஒரே படமாகப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

எங்கள் படம் அரை மணி நேரம். ஒரு பெண், கூட்டத்தில் கைவிட்டுப்போன தங்கையைத் தேடிக்கொண்டே கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி வருகிறாள். அவ்வளவுதான் கதை. லண்டனில் ஒரு டிவி சேனல் இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. முதல் மூன்று நிமிடத்தைப் பார்த்துத்தான் மீதிக்குச் சரி சொல்வார்கள். சரி என்றால் படம் உண்டு, ஸ்டுடியோ உண்டு. இல்லை என்றால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான். இன்னொரு தடவை ஆட்களை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லத் தன்னால் முடியாது என்று மேடம் என்னிடம் ஒருமுறை சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உடைந்ததை நான் கேட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த அம்மாவை அந்த அறைக்குப் போக விடுவதில்லை.

மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. முடிந்த காட்சியை முதல் தடவை சத்தமில்லாமல்தான் பார்ப்பார். பேச்சும் பாட்டும் இருந்தால் படம் பொய் சொல்லுமாம். அந்த மூன்று நிமிடத்தையும் அப்படித்தான் நின்றுகொண்டே பார்த்தார். குறை சொல்வதற்கு அவரிடம் ஒரே வார்த்தை, டீக்கடையில் சர்க்கரைக்குச் சொல்லிச் சொல்லிக் கற்றது. கம்மி. நடை கம்மி, வெளிச்சம் கம்மி. அன்றைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை.

"இவ எதுக்கு வீட்டுக்குத் திரும்பிப் போறா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "திரும்பியா? இப்பதான மேடம் கிளம்பறா."

திரையைக் காட்டினார். பின்னால் மலை, முன்னால் பாதை. பெண் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு நடக்கிறாள். கூட்டமும் அப்படியே. அவர்கள் தொழிலில் முன்னேறிப் போகிறவர் இடமிருந்து வலமாகப் போக வேண்டுமாம். எதிர்ப்பக்கம் நடந்தால் தோற்றுத் திரும்புகிறார் என்று அர்த்தம். எழுத்தைப் படிக்கிற கண் அப்படித்தான் பார்க்குமாம்.

"நாங்களும் இடமிருந்து வலமாத்தான் மேடம் படிக்கிறோம். எங்களுக்கு ஒன்னும் தோணலையே!"

தோன்றாததற்குக் காரணம் பிறகுதான் உறைத்தது. நாங்கள் யாருமே திரையைப் பார்க்கவில்லை. மனசால் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். மலை வலது கைப்பக்கம் இருக்கிறதா, இருக்கிறது, சரி.

நாள் நெருங்கிவிட்டதால் நாங்கள் அப்படியே அனுப்பிய மூன்று நிமிடத்தைப் பார்த்துவிட்டு, சேனலில் எங்கள் படத்துக்குப் பொறுப்பான மனிதரும் வீடியோ காலில் இதையேதான் சொன்னார். படத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் திருப்பிப் போடுங்கள், கம்ப்யூட்டரில் ஒரு நிமிட வேலை, ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கிறேன் என்றார். கால் முடிந்ததும் எனக்கு வந்ததே கோபம்!

"திருப்பினா முந்தானை வலது தோளுக்குப் போயிடும். அத்தனை பேரும் இடது கையால பிரசாதம் சாப்பிடுவாங்க. அதக்கூட விடுங்க. மலை இடது பக்கம் வந்துடும் மேடம். இடமா சுத்தறது சாவுக்கு. பொணத்தைத்தான் அப்படிச் சுத்துவாங்க. பேர்லயே வலம்னு இருக்கு. வேணும்னா கிரிவலத்தை எடுத்துட்டு கிரியிடம்னு பேர் வெச்சுக்கச் சொல்லுங்க அந்த ஆளை!"

மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். அவரும் மலையைச் சுற்றுகிறவர்தான், விஷயம் தெரியாதவர் இல்லை. "நீ சொல்றது சரி. ஆனா சரிங்கறதை வெச்சு நான் அவர்கிட்ட என்ன பண்றது? எனக்கு ஷாட் குடு" என்றார்.

ஷாட்டுக்கு எங்கே போவேன்? மறுநாள் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோபம் தீராமல் கிரிவலப் பாதையில் மலைப்பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டு, சாலையைப் பார்த்து நின்றேன். காலை வெயில் ஏறாத நேரம், நிறையப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு அக்கா என் எதிரே நின்று, நேராக என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்தவரோ என்று நானும் பாதிக் கையைத் தூக்கிவிட்டேன்.

"கொஞ்சம் நகரும்மா, மலை மறைக்குது" என்றார்.

நகர்ந்தேன். நகர்ந்து நின்று பார்த்தால், அவர் மறுபடி நடக்க ஆரம்பித்து என் இடது கைப்பக்கத்திலிருந்து வலது கைப்பக்கத்துக்குப் போகிறார். எல்லாருமே அப்படித்தான் போகிறார்கள். அட! கேமராவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தால்தான் எங்கள் படத்துப் பெண் தோற்றுத் திரும்புகிறாள். மலைப்பக்கம் வைத்தால் அவள் பாட்டுக்கு முன்னே போகிறாள். முந்தானையும் மாறாது, வலமும் மாறாது.

ஸ்டுடியோவுக்கு வந்து மூச்சு வாங்க வாங்க விஷயத்தைச் சொன்னேன். மேடம் கண்ணை மூடிக்கொண்டார். மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார் என்று அர்த்தம். "அப்போ மலை படத்துல இல்ல" என்றார்.

"இல்ல மேடம். கேமராவுக்குப் பின்னாடி இருக்கு."

மலையை வரைந்தவர் எங்கள் பேக்ரவுண்ட் ஓவியர் அண்ணன். மாதக்கணக்கில் விடியலில் ஒரு மலை, மழையில் ஒரு மலை என்று வரைந்து குவித்திருந்தார். அவரைத்தான் மேடம் முதலில் தன் அறைக்குக் கூப்பிட்டார். சோற்றில் மண்ணைப் போட்ட மாதிரி இருந்தது எனக்கு. வெளியே வந்த அண்ணன் என்னை முறைத்தார்.

"திருவண்ணாமலையில படம் எடுத்து மலையே இல்லன்னா, உன்னை என்னான்னு திட்டறது?"

"திட்டுங்கண்ணா, எவ்ளோ வேணா திட்டுங்க. ஆனா எதிர்ப்பக்கத்தை வரைஞ்சு குடுத்துட்டுத் திட்டுங்க."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இளநீர் வண்டி, புளியமரம், செருப்பைக் கையில் பிடித்தபடி நடக்கிற ஒரு ஆள் என்று எதிர்ப்பக்கத்தை அவ்வளவு அழகாக வரைந்து வைத்தார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். நடக்கிறவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்களே, இப்போது கேமராவையே பார்த்துக் கும்பிடுவார்களே, பரவாயில்லையா?

அனிமேஷனில் பாத்திரங்கள் கேமராவைப் பார்க்கவே கூடாது என்பது மேடத்தின் சட்டம். அதை மீறியதற்காக ஒரு காட்சியையே தூக்கி எறிந்ததாகச் சொல்லியிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள், "கும்பிடட்டும்" என்றார்.

ஒரு வாரம் கழித்துப் புது மூன்று நிமிடத்தை அனுப்பினோம். கால் வந்தபோது ஸ்டுடியோ மொத்தமும் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவர் மடியில் கைகளை இறுகக் கோத்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

சேனல்காரர் பார்த்தார். அந்தப் பெண் தேடிக்கொண்டே வருகிறாள், நிற்கிறாள், திரும்பி நேராக அவரைப் பார்க்கிறாள், கை கூப்புகிறாள். பின்னால் வருகிறவர்களும் ஒவ்வொருவராக அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

"நடை இப்போ சரியா இருக்கு. ஆனா மலை எங்க? எல்லாரும் எதுக்கு என்னையே பாக்கறாங்க?" என்றார்.

"நீங்க உக்காந்திருக்கற இடத்துலதான் மலை இருக்கு" என்றார் மேடம்.

அந்த மனிதர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் தங்கை கிடைத்துவிடுவாளா என்று கேட்டார்.

"மீதிப் படத்துல பாருங்க" என்று பின்னாலிருந்து நான்தான் சொன்னேன்.