வெங்காயத்தோல்

பத்து வயது வரை நான் எங்கள் தெருமுனையைத் தனியாகத் தாண்டியதில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை என்பதால் அம்மா என்னைக் கீழே இறக்கியே விடமாட்டாள். ஆரணியில் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தும் தறிப்பக்கம் போக எனக்கு அனுமதி கிடையாது. அப்பா காலை விட்டு உட்காரும் குழியில் விழுந்துவிடுவேனாம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் நூல் சுற்றிக்கொண்டிருந்த வயதில் நான் கட்டிலில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரணமல்லூரில் மாமாவின் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருப்பதாகச் சேதி வந்தது. எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அம்மா என்னை அப்பாவிடம் விட்டுப்போனாள். வாசற்படி தாண்டக் கூடாது என்று என்னிடம் ஒருமுறையும் அப்பாவிடம் மூன்று முறையும் சொன்னாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் தறிச்சத்தம் நின்றது. மறுநாள் தறியிலிருந்து அறுத்துக் கொடுக்க வேண்டிய முகூர்த்தப் புடவை அதில் ஓடிக்கொண்டிருந்தது. "பாப்பா, வெங்காயத்தோலு தீந்துபோச்சு. ஜல்தியா போயி வாங்கிகினு வா" என்றார் அப்பா.

எங்கே என்று அவர் சொல்லவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாரோ என்று நானும் கேட்கவில்லை. நெல் லாரிகளுக்கு நடுவே மெயின் ரோட்டைத் தாண்டியபோது பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். மார்க்கெட்டில் வெங்காயக் கடைக்காரர், "தோலு மட்டுமா? வெங்காயம் வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சாக்குக்கடியில் கிடந்ததையெல்லாம் அள்ளி என் பையை நிரப்பினார்.

பையைத் திறந்த அப்பா சட்டென்று முகத்தைத் தறிப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "இது கலர் பேரும்மா. ஊடைக்கு, குறுக்கால போடற நூலு. உன்ன தறிகிட்ட உட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"நீங்களே போய்ட்டு வாங்கப்பா" என்றேன்.

"நீதான் போவணும்."

மிச்சமிருந்த நூலில் ஒரு துண்டை அறுத்து என் விரலில் கட்டினார். வெங்காயத்தோல் மாதிரியே வெளிறிய சிவப்பு. சாயக்காரர் வீடு எங்கே என்று வழி சொல்லிவிட்டு, ஓடாத தறியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று தெரு தள்ளியிருந்த சாயக்காரர், "யாரு ஊட்டுப் பொண்ணும்மா நீ?" என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னதும், "அவருக்குப் பொண்ணு இருக்குதா?" என்று ஆச்சரியப்பட்டார். விரலை நீட்டினேன். நிறம் பார்த்து நூலைக் கொடுத்தார். திரும்பி வரும்போது கையை வீசி நடந்தேன்.

சாயங்காலம் வந்த அம்மா முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் புது நூல் கண்ணில் பட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் போயி வாங்கிகினு வந்தேன். பாப்பா வாசப்படிகூட தாண்டல" என்றார் அப்பா. பை நிறைய எதற்குத் தோல் என்று கேட்டதற்கு, "கொசுவுக்குப் பொகை போடத்தான்" என்று கூசாமல் சொன்னார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்க்கையில் முதன்முதலாக நான் செய்த காரியம், அதையும் பிடுங்கிக்கொண்டார். நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

பின்னாளில் வேலூரில் கல்லூரி, சென்னையில் வேலை என்று எங்கும் தனியாகத்தான் போனேன். ஒவ்வொரு முறையும் பேருந்து நகரும்வரை ஜன்னல் வழியாக அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பிடிக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியவள்தான். ஆனால் நடக்கச் சொல்லிக் கொடுத்தவர் அப்பா.

தோல் வாங்கி வந்த அதே வாரம், வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குக் கிளம்பியதும் தறி மறுபடி நின்றது. என் விரலில் கட்ட அப்பா மஞ்சள் நூலை நீட்டினார்.

"நான் போவமாட்டேன். நீங்க போனதா சொல்லுவீங்க."

"ஆமா, சொல்லுவேன். போய்ட்டு வா."

முறைத்துக்கொண்டேதான் போனேன். 'நான்தான் போனேன்' என்று அம்மாவிடம் அவர் சொன்னதால்தான், 'நீ போ' என்று மறுபடியும் என்னிடம் அவரால் சொல்ல முடிந்தது என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.