சாமித்தட்டில் இருந்தவர் வீடியோ கால் எடுத்தார்

இன்று காலை, சாமித்தட்டில் மாலையோடு இருக்கும் எங்கள் மாமனார் கூடலூரிலிருந்து வீடியோ கால் எடுத்தார்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள், லயத்து வரிசைவீட்டுக் குடும்பங்களின் பழைய படங்களைச் சேர்த்து முகநூலில் போடுகிறார்கள். நம் ஆட்கள் இங்கே வாழ்ந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கண்காட்சியும் உண்டு.

நானும் மாமனார் மருதையின் படத்தை மாலையோடேயே போனில் பிடித்து அனுப்பினேன். என் வீட்டுக்காரர் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டவர். வீட்டில் இருப்பதே அந்த ஒரு படம்தான்.

நாற்காலியில் கோட்டுப் போட்ட ஒருவர். அவர் தோளில், படத்தின் ஓரத்திலிருந்து நீளும் ஒரு கை. கைக்குரிய ஆள் இல்லை.

(அது முனியாண்டி சாமியின் கை என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.)

என் வீட்டுக்காரர் பேசப் பழகுமுன்பே மாமியாருக்கு வாதத்தில் பேச்சுப் போய்விட்டதாம். இருந்தவரை அவர் அந்தக் கைமேல்தான் சந்தனப் பொட்டு வைப்பார். பாவம், கண்ணும் தெரியவில்லை என்று நான் நெற்றிக்கு மாற்றி வைப்பேன்.

படம் முகநூலில் ஏறிய கொஞ்ச நேரத்தில் கூடலூரிலிருந்து ஒரு பெண் எழுதினாள்.

"இது எங்க தாத்தா சுப்பையா. இப்பத்தான் இட்லி சாப்பிட்டுட்டு உக்காந்திருக்காங்க. மாலைய எடுத்துருங்க ப்ளீஸ்."

அடுத்தது வீடியோ கால். சுப்பையா ஐயா எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்து, பிறகு இந்தியாவுக்குப் போனவராம். தன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, தனக்கு என்ன படைக்கிறோம் என்று விசாரித்தார்.

"கோழிக் குழம்பு, கொஞ்சம் சாராயம், ஒரு சுருட்டு வைப்போங்க ஐயா." (பொய் சொல்ல வரவில்லை.)

"சுருட்டா? நான் தொட்டதே இல்லையேம்மா. அது மருதைக்குல்ல வேணும்."

(வீட்டுச் செலவை ஒரு சதம் விடாமல் எழுதுகிறவள் நான். இத்தனை வருடப் படையலை இனி யார் பெயரில் எழுதுவது?)

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரருக்கு வரவில்லை. போனை வாங்கி ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப எங்கப்பா எங்கங்க?"

ஐயாவும் மருதையும் ஹட்டன் ஸ்டூடியோவில் சேர்ந்து எடுத்த படமாம் அது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட மருதைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. இன்னொரு படம் எடுக்க வசதியில்லை. தன் பாதியை வெட்டி மனுவில் ஒட்டிவிட்டார். முகம் மனுவோடு போய்விட்டது. பதில் வருமுன் அவரும் போய்விட்டார்.

"தோள்ல இருக்கே, அதான் தம்பி உங்கப்பா. அந்தக் கைய மட்டும் வெட்ட முடியல. வெட்டுனா என் தோளும் சேந்து போயிரும்ல."

வீட்டுக்காரர் தன் கையைப் படத்தின் கண்ணாடிமேல் அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வெகுநேரம் எடுக்கவில்லை.

நான் ஐயாவின் நெற்றிப் பொட்டைத் துடைத்து, மாமியார் வைத்த இடத்திலேயே வைத்தேன்.

மாலைதான் பெரும்பாடு. அது கைக்கு மட்டும் விழ வேண்டும், உயிரோடு இருப்பவர்மேல் படக்கூடாது. ஐயாவே வீடியோவில் இருந்தபடி, "இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்மா" என்று சொல்லச் சொல்ல மாலையை மடித்துக் குண்டூசி குத்தினோம்.

கண்காட்சியில் 'மருதை (கை மட்டும்), சுப்பையா (நலம்)' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் படங்களின் ஓரத்திலும் யாருடைய கையாவது நிற்கிறதா? ஸ்கேன் பண்ணும்போது அழகுக்காக வெட்டிவிடாதீர்கள்.

அது யார் வீட்டு மாமனாரோ!