கொப்பளிக்காமல் வந்த வண்டி

சலவைக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வறுவல் என்றால்தான் தெரியும். அவர் வண்டி வாசலுக்கு வருமுன்பே வாடை உள்ளே வந்துவிடும். துணி மடிக்கிற பெண்கள், "வறுவல் வந்தாச்சு, மூட்டையைக் கட்டுங்க" என்பார்கள். விடுதிகளுக்கும் மருத்துவமனைக்கும் வெளுத்த படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கை வாரிக்கொண்டு வருவது அவர் வேலை. வண்டியோ பொரித்த எண்ணெயில் ஓடுகிற வண்டி. வெள்ளை வெளேரென்ற விரிப்பில் உருளைக்கிழங்கு வாசம் ஏறினால் எவன் பொறுப்பான்?

"படுத்தா தூக்கம் வரல, பசிதான் வருதுன்னு ஒருத்தர் புகார் குடுத்திருக்கார்யா" என்று மேலாளர் ஒருமுறை அவரை நிற்கவைத்துக் கேட்டார்.

"அப்ப விடுதியில சாப்பாட்டு வியாபாரம் கூடியிருக்குமே சார்" என்றார் இவர். மேலாளர் சிரித்துத் தொலைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூட்டைகளுக்குப் பிளாஸ்டிக் உறை வந்தது, அவ்வளவுதான்.

எண்ணெய் வந்தது மனைவியின் கடையிலிருந்து. பேருந்து நிலையத்தை ஒட்டி, ஒரு ஜன்னல் அகலத்தில் கடை. உள்ளே ஓர் அடுப்பு, ஒரு பெரிய இரும்புச் சட்டி, ஓர் ஆள் நிற்க இடம். உருளைக்கிழங்கைச் சீவி, பூண்டைத் தட்டிப் போட்டுப் பொரித்துக் கொடுப்பாள். மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் பூண்டில் அவள் பிடித்ததில்லை. கல்யாணமான புதிதில், பொரித்து முடிந்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டப் போனவளை இவர்தான் தடுத்தார். "இதை வண்டிக்கு ஊத்திப் பார்க்கட்டுமா?" என்றார். "உங்களுக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு" என்று தலையிலடித்துக்கொண்டவள், மறுவாரமே பழைய துணியைக் கிழித்து, எண்ணெயைத் தெளியவிட்டு வடிகட்ட உட்கார்ந்துவிட்டாள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டிக்கு இரண்டு டேங்க். காலையில் டீசலில் கிளப்ப வேண்டும். எஞ்சின் சூடேறியதும் ஒரு சுவிட்சைத் தட்டினால் எண்ணெய்க்கு மாறிக்கொள்ளும். வீடு திரும்பும்போது தெருவுக்குள் நுழைவதற்கு முன்னாலேயே திரும்பவும் டீசலுக்குத் தட்டிவிட வேண்டும். டீசல் வந்து குழாயில் தங்கிய எண்ணெயைத் துரத்திவிடும். துரத்தாமல் நிறுத்தினால், குளிரில் எண்ணெய் உள்ளேயே கட்டிக்கொண்டு, மறுநாள் வண்டி பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நிற்கும். இதற்குக் கொப்பளிப்பது என்று பெயர் வைத்தவள் அவள்தான். "சாப்பிட்டா நாம வாய் கொப்பளிக்கல? உங்க வண்டிக்கும் அதான்."

ஒரு குளிர்காலத்தில், பெண் பிறந்த சந்தோஷத்தில் இவர் கொப்பளிக்க மறந்துவிட்டார். காலையில் தாயையும் பிள்ளையையும் அழைத்துவரப் போக வேண்டியவர், நடுத்தெருவில் எஞ்சினுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். பச்சைப் பிள்ளையோடு யாரோ ஒருவருடைய வண்டியில் வந்து இறங்கியவள் அதை லேசில் விடவில்லை. அன்று தொடங்கி, தினமும் சாயங்காலம் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து குரல் வரும்: "கொப்பளிச்சாச்சா?" இவர், "ஆச்சு, ஆச்சு" என்றபடி செருப்பைக் கழற்றுவார். அந்த வீட்டில் கொஞ்சல் என்று இருந்ததெல்லாம் அதுதான்.

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவள், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். இவர் விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சட்டியில் எண்ணெய் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அவள் கைதான் சில்லிட்டிருந்தது.

எல்லாம் முடிந்து கடையைக் காலி செய்யப் போனவர், சட்டியில் இருந்ததை வடிகட்டி ஒரு கேனில் ஊற்றி எடுத்துவந்தார். சமையலறைத் தொட்டிக்கு அடியில், வாளிக்குப் பின்னால் வைத்தார். அவள் கடைசியாகப் பொரித்த எண்ணெய். அதை மட்டும் தொடவே இல்லை. வண்டிக்கு மீன் வறுக்கிற கடையிலிருந்து வாங்கி ஊற்றினார். தெருப் பூனையெல்லாம் பின்னாலேயே வந்தன. சலவைக் கூடத்துப் பெண்களுக்கு அவரை வறுவல் என்று கூப்பிட வாய் வரவில்லை.

தாங்க முடியாத நாட்களில் கேன் மூடியைத் திறந்து மூக்கை வைப்பார். சிக்குப் பிடித்த பழைய எண்ணெய் வாடைதான் அடிக்கும். தன் மூக்குதான் சரியில்லை என்று மூடிவிடுவார். அந்தக் கேன் அங்கே இருக்கும்வரை அவள் முழுசாகப் போய்விடவில்லை என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. சொன்னால் சிரிப்பார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகளிடம்கூட.

மகளுக்கு வேறு ஊரில் வேலை. விடுமுறையில் வந்தவள், வீடு கிடந்த கோலத்தைப் பார்த்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அப்பா தூங்கும்போது ஜன்னலைத் துடைத்தாள், அப்பா குளிக்கும்போது அலமாரியை ஒழித்தாள்.

மறுநாள் காலை இவர் வழக்கம்போல டீசலில் கிளம்பினார். பாலம் தாண்டியதும் சுவிட்சைத் தட்டினார். சற்றுத் தூரம் போயிருப்பார். பின்கதவின் ரப்பர் பிய்ந்த இடுக்கு வழியாக உள்ளே வந்தது பூண்டு வாசம்.

வண்டியை ஓரங்கட்டி மகளுக்குப் போன் போட்டார்.

"தொட்டிக்கு அடியில ஒரு கேன் இருந்துச்சேம்மா..."

"ஆமாப்பா. டேங்க் காலியா இருந்துச்சு, அதான் தெளிவை இறுத்து ஊத்திட்டேன். உங்களுக்கு ஒரு வேலை மிச்சம். கேனையும் கழுவிக் கவுத்துட்டேன். ஏம்ப்பா?"

அவள் குரலில் அத்தனை சந்தோஷம். சின்னப் பெண்ணாக இருந்தபோது எண்ணெய் வடிகட்ட அம்மாவோடு போட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லதாப் போச்சு" என்றார்.

தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார். எண்ணெய் டேங்கின் அடித் திருகைத் திறந்து பாட்டிலில் பிடித்தார். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிவிடலாம். மூக்கருகே கொண்டுபோனார். அதே சிக்கு வாடை. ஆனால் எஞ்சின் அணைந்த பிறகும் புகைக்குழாயின் வாயில் அவள் வாசம் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை மாதம் தொட்டிக்கு அடியில் பொத்திப் பொத்தி வைத்திருந்ததில் அவள் இல்லவே இல்லை. எரிந்தால்தான் வருவாள். எரித்தால் தீர்ந்துபோவாள். கேனில் வைத்தால் ஊமை எண்ணெய், வண்டியில் விட்டால் டேங்க் தீரும் வரைக்கும் அவள். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? தரையில் படுத்தபடியே, கண்ணீர் காதுக்குள் வழிய அழுதார். சைக்கிளில் போன ஒருவர் குனிந்து பார்த்து, "என்னங்க, வண்டி கெட்டுப்போச்சா?" என்றார். "இல்லைங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார் இவர்.

பாட்டிலில் இருந்ததைத் திரும்ப டேங்கிலேயே ஊற்றினார்.

சலவைக் கூடத்தில் வண்டி நுழைந்தபோது, மடிக்கிற மேசையிலிருந்து ஒருத்தி, பழைய ஞாபகத்தில், "வறுவல் வந்தாச்சு!" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வயதில் மூத்தவள் ஒருத்தி மட்டும் வெளியே வந்து, "அக்கா வந்திருக்காங்க போல" என்றாள். இவர் தலையை ஆட்டிவிட்டு மூட்டையை ஏற்றினார். ஒரு மூட்டையை இரண்டு முறை தூக்க வேண்டியிருந்தது.

அன்று முழுக்க வண்டியை மெதுவாகவே ஓட்டினார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான், திட்டினான், முந்திக்கொண்டு போனான். இவர் எதையும் காதில் வாங்கவில்லை. பக்கத்து இருக்கையைப் பார்த்து, "பூண்டைக் கொஞ்சம் கம்மி பண்ணக் கூடாதா?" என்றார். எத்தனையோ தடவை கேட்ட கேள்வி. "பிடிக்கலன்னா தின்னாதீங்க" என்று பதில் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கொப்பளிக்கிற இடம் வந்தது. எண்ணெய் அளவு காட்டும் முள் அடிமட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கை பழக்கத்தில் சுவிட்சுக்குப் போனது. தட்டினால் டீசல் வந்து அவளைக் குழாயிலிருந்து துரத்தும். அவர் கையை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் திருப்பினார்.

வாசலில் நிறுத்தினாரே தவிர எஞ்சினை அணைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த மகள் படியிலேயே நின்றுவிட்டாள். மூச்சை இழுத்தாள், இன்னொரு முறை இழுத்தாள். முகம் கோணிக்கொண்டு போனது.

"அப்பா... அது அம்மா கடை எண்ணெயா?"

"கடைசிச் சட்டிம்மா."

"ஐயோ! சொல்லக் கூடாதாப்பா? நான் பாட்டுக்கு ஊத்திட்டேனே. கேனைக்கூடக் கழுவிட்டேனே!"

"சொல்லியிருந்தா நீ ஊத்தியிருக்க மாட்டே. நானும் சாகுற வரைக்கும் அதைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். அழாதே. வா, வந்து உக்காரு. தீரப்போகுது."

அவள் ஓடிவந்து அம்மாவின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். எஞ்சின் கடகடத்துக்கொண்டிருந்தது. முள் அடியில் படுத்துவிட்டது. அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்:

"கொப்பளிச்சாச்சா?"

இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொல்லாத பதிலைச் சொன்னார்.

"இல்லம்மா. இன்னிக்கு வேண்டாம்."

வண்டி இரண்டு முறை இருமியது. ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. வெளியே போனால் வாசம் போய்விடுமென்று இருவரும் வெகுநேரம் கதவைத் திறக்கவில்லை.