சிவப்புக் காருக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்த காலத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தையல் விட்டிருந்தாலோ கழுத்துப் பட்டி கோணியிருந்தாலோ, அந்தப் பனியனைத் தைத்தவர் மேஜையிலேயே கொண்டுபோய் எறிவேன். அரை மணி நேரம் திட்டுவேன். பிறகு அதே ஆளோடுதான் டீக்குப் போவேன். குறை கண்டுபிடிப்பது என் தொழில், அதில் நான் கெட்டிக்காரி. என் வீட்டிலேயே என்னை மிஞ்ச ஒருத்தி வளர்ந்துகொண்டிருந்தாள், அது மட்டும் என் கண்ணில் படவில்லை.

என் மகளுக்கு அப்போது பத்து வயது. ஐந்தாவது முடித்திருந்தாள். ஜூன் மாதம் அவளை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக முடிவு செய்திருந்தோம். செய்திருந்தோம் என்ன, நான்தான் செய்தேன். என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். நாளெல்லாம் அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருவதாலோ என்னவோ வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டார். நான் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகும். அதுவரைக்கும் பெண் குழந்தை கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும். சாயந்தரம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஹாஸ்டலில் சேர்க்காதே என்று சொன்னவர்களிடமெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் கேட்டு வாயடைத்தேன். என் மகளிடமும் கேட்டேன். அன்றிலிருந்து அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் கம்பெனி வேஸ்ட் குடோனில், கட்டிங் துண்டு மூட்டைகளுக்கு அடியில் அந்த ரிமோட் கார் கிடைத்தது. முதலாளி வீட்டுப் பையன் ஓட்டி உடைத்துப்போட்டது. முழங்கை நீளம் இருக்கும். சிவப்பு பெயிண்ட் பாதி உரிந்திருந்தது, டயர் ரப்பர் வெடித்து உதிர்ந்திருந்தது. ரிமோட்டும் பக்கத்திலேயே கிடந்தது. முதலாளியிடம் கேட்டேன்.

"அதுங்களா? எடுத்துட்டுப் போங்க. ஓடாதுங்க" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தேன். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பத்து நாளில் முதல் தடவையாக அவளாக என்னிடம் பேசினாள்.

"இத ஓட வெக்க முடியுமாம்மா?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஓட வெச்சுக் காட்டாம உன்னய ஹாஸ்டல்ல கொண்டுபோய் உட மாட்டேன் கண்ணு."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"ஓடுதா இல்லியான்னு யாரு பாத்துச் சொல்றது?"

"நீயே சொல்லு. நீதான் பையரு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். எங்களிடம் பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆள் வந்து, பெட்டியைப் பிரித்து, அளந்து பார்த்து, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டிகூட லாரியில் ஏறாது. எங்கள் ஊரில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என் செக்கிங் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து வளர்ந்தவள். அவள் தலையை ஆட்டிக்கொண்டதை நான் சந்தோஷம் என்று நினைத்தேன்.

காரைக் கழற்றினோம். ஸ்குரூ ஒன்றுகூடத் தொலையக் கூடாது என்று அவள் இட்லித் தட்டை எடுத்துவந்து, ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு பாகத்தின் ஸ்குரூவைப் போட்டு வைத்தாள். மறுநாள் காலை என் வீட்டுக்காரர் இட்லியைப் பிட்டு, அதிலிருந்து ஒரு ஸ்குரூவை எடுத்தார். தண்ணீரில் அலசித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

பேட்டரி போடும் இடம் முழுக்கப் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. எலுமிச்சை மூடியால் தேய்த்துத் தேய்த்து அதைப் போக்கினாள் மகள். அறுந்த வயர்களை நான் பற்றவைத்தேன், அவள் டார்ச் பிடித்தாள். முன்சக்கரத்தைத் திருப்பும் ஸ்பிரிங் உடைந்திருந்தது. எங்கள் கம்பெனி மெக்கானிக் திருநெல்வேலிக்காரத் தம்பி. அவரிடம் காட்டினேன்.

"இதுக்கு எங்கக்கா ஸ்பிரிங்குக்குப் போவீய? மெஷின்ல நூலை இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங்கு இருக்குல்லா, அதை வெட்டிப் போடுதேன்" என்றார். போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது.

டயருக்கு வேறு ரப்பர் கிடைக்கவில்லை. டிரவுசர் இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக்கை வளையமாகத் தைத்து மூன்று சுற்று மாட்டினேன். உலகத்திலேயே ஓவர்லாக் தையல் போட்ட டயரில் ஓடிய கார் எங்களுடையதாகத்தான் இருக்கும். மே மாதம் முதல் வாரத்தில் எங்கள் லைன் வீட்டு சிமெண்ட் வாசலில் அது ஓடியது. நான் கைதட்டினேன். பக்கத்து வீட்டம்மாவும் கைதட்டினார்.

என் மகள் கைதட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒரு சுற்று சுற்றிவந்தாள். கம்பெனியில் தையல் மெஷின் வரிசையில் நான் நடக்கிற அதே நடை. பிறகு தன் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, பழுது இருக்கும் இடத்தில் நாங்கள் ஒட்டுகிற மஞ்சள் அம்புக்குறி ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். நோட்டுக்கு ஒட்டிக்கொள்ளட்டும் என்று நான்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். ஒன்று, இரண்டு என்று பதினான்கு இடத்தில் ஒட்டினாள். கார் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"என்னடி இது?"

"மேஜர் அஞ்சு, மைனர் ஒம்போது. ஃபெயில்."

"அதான் ஓடுதே."

"ஓடுனா போதுமா? தையல் இருந்தா போதும்னு நீ பனியனப் பாஸ் பண்ணுவியா?"

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "நா ஒண்ணுஞ் சொல்லலம்மிணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இங்கேதான் என் புத்தி கோணலாகப் போயிற்று. வேறு யாராவது தாயாக இருந்தால் பிள்ளை ஏன் இப்படிச் செய்கிறது என்று யோசித்திருப்பாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சட்டை பட்டனை மைக்ரோமீட்டரால் அளக்கிற ஆட்களிடமெல்லாம் பாஸ் வாங்கியவள் நான். இந்தச் சுண்டைக்காயிடம் தோற்பேனா? விட்டேனா பார் என்று இறங்கினேன்.

மறுநாளிலிருந்து அரை ஷிப்டை விட்டுவிட்டு ஐந்தரை மணிக்கே வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். ஒவ்வொரு சாயந்தரமும் கார் வேலைதான். மகள் கூடவே உட்கார்ந்து எல்லா வேலையும் செய்வாள். நன்றாகவே செய்வாள். வாய் ஓயாமல் பேசுவாள், சிரிப்பாள், என் மடியில் தலை வைத்துக்கொண்டு சக்கரத்துக்கு எண்ணெய் விடுவாள். வேலை முடிந்ததும் எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஃபெயில் போடுவாள்.

பெயிண்ட் உரிந்த இடத்துக்கு நகப்பூச்சு அடித்தோம். வெயிலில் பார்த்தாள், டியூப் லைட்டில் பார்த்தாள். "ஷேடு மாறுது" என்றாள். ஏழு பாட்டில் நகப்பூச்சு வாங்கினேன். இருபது வயதில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை. கடைசியில் காரைக் கம்பெனிக்கே எடுத்துக்கொண்டு போய், துணியின் சாயம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் மேனேஜர் வந்து நின்றார். இடுப்பு உறையில் செல்போன் தொங்க, அதைத் தட்டிக்கொண்டே காரைப் பார்த்தார்.

"இது எந்த பையரோடதும்மா?"

பொய் சொல்லக் கூடாது. "புது பையருங்க சார். ரொம்பக் கறாருங்க. மூணு தடவ ரிஜெக்ட் ஆயிருச்சு."

அவர் முகம் வெளிறிவிட்டது. புது பையர் என்று கேட்டால் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. பனியன் கம்பெனியில் கார் எதற்கு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "எப்படியாச்சும் பாஸ் வாங்கிருங்கம்மா. இந்த சீசன்ல ஒரு பையரும் கைய உட்டுப் போகக் கூடாது" என்றவர், பேக்கிங் ஆளைக் கூப்பிட்டு அதை நல்ல பாலி பேகில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அன்று கார் வீட்டுக்கு வந்தபோது சைஸ் 'எல்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

ஷேடு பாஸ் ஆயிற்று. அடுத்து, கார் நேராக ஓடவில்லை என்றாள். வாசலில் சாக்பீஸால் பத்தடி கோடு போட்டு ஓட்டினோம். முடிவில் நாலு அங்குலம் இடப்பக்கம் போயிருந்தது. டேப்பால் அளந்து நோட்டில் எழுதினாள்.

"அர இஞ்ச் டாலரன்ஸ் குடு, அவ்வளவு வெலகுனா பரவால்ல" என்றேன்.

"கால் இஞ்ச்சுதான்."

"ஏனுங்க பையரே, ஏரோப்ளேனுக்கே அர இஞ்ச் குடுப்பாங்க."

"அங்க போயிக் கேளுங்க."

கத்தினேன். இட்லித் தட்டைத் தூக்கி எறிந்தேன். அப்புறம் சக்கரத்தைக் கழற்றி மறுபடி மாட்டினேன். எலாஸ்டிக்கை நூல் நூலாகக் குறைத்தேன். அதிலேயே ஒரு வாரம் போயிற்று. இதற்கிடையில் ஹாஸ்டலுக்கு டிரங்குப் பெட்டி வாங்கியாயிற்று. அவர்கள் கொடுத்த நம்பரை அவள் துணி ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் நானே தைத்தேன். ஒரு கையால் அவளை அனுப்புவதற்கு நம்பர் தைத்தேன், மறு கையால் காரைச் சீர் செய்தேன். இரண்டும் ஒரே வேலை என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை.

ஹாஸ்டலுக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். கார் அன்று கடையில் வாங்கின மாதிரி பளபளவென்று இருந்தது. என் மகள் ஒரு மணி நேரம் பார்த்தாள். கவிழ்த்துப் பார்த்தாள், சக்கரத்தைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். கோட்டின் மேல் ஆறு தடவை ஓட்டினாள். ஆறு தடவையும் கோட்டை விட்டு நகரவில்லை. ஸ்டிக்கர் தாள் அவள் கையிலேயே இருந்தது.

"சொல்லேன் பாக்கலாம் ஒரு கொற" என்றேன், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

அப்போது என் வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அந்த ஏரியல் கம்பி கொஞ்சம் வளைஞ்ச மாதிரி தெரியுதே கண்ணு" என்றார்.

குழந்தை அவரை நிமிர்ந்து பார்த்தது. பிறகு ஸ்கேலை எடுத்து அந்தக் கம்பியின் மேல் வைத்துப் பார்த்தது.

"இல்லப்பா. நேராத்தான் இருக்குது."

நோட்டைத் திறந்து பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நான் ஊரைக் கூட்டிவிட்டேன். ரிமோட்டைப் பிடுங்கி வாசலில் காரை மூன்று சுற்று விட்டேன். பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "பாஸ் ஆயிருச்சுங்க, பாஸ் ஆயிருச்சுங்க" என்று சொன்னேன். எந்த ஷிப்மெண்ட்டுக்கும் நான் அப்படிக் குதித்ததில்லை. குதித்து முடித்துத் திரும்பினால் மகளைக் காணோம்.

உள்ளே இருந்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நம்பர் தைத்த பாவாடைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவி, இத்தனை நாளும் எதை ஜெயிக்க நான் ராத்திரி பகலாக உழைத்தேன்? அவள் நினைத்திருந்தால் பொய்யாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். அவள் அப்பா எடுத்துக்கூடக் கொடுத்தார். இல்லாத குறையைச் சொல்லக் கூடாது என்று நானே சொல்லி வளர்த்த பிள்ளை, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு நேராகத்தான் இருக்கிறது என்றது. நான் வெளியே ஓடினேன். காரைத் தூக்கிப் பார்த்தேன், கவிழ்த்துப் பார்த்தேன், பன்னிரண்டு வருஷம் செக்கிங்கில் பழகிய கண்ணால் இண்டு இடுக்கெல்லாம் தேடினேன். ஒரு குறை, ஒரே ஒரு குறைகூடக் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி உள்ளே போனேன்.

"நீ போக வேண்டாம் சாமி" என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "பாஸ் போட்டாச்சும்மா."

"போட்டா என்ன? நான் அனுப்பல."

"சாயந்தரம் ஊட்டுல யாரு இருக்கறா?"

என் கேள்வியை என்னிடமே கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நான் இருப்பேன். இனிமே ஒரே ஷிப்டுதான்."

"எழுதிக் குடு."

நோட்டில் அவள் பாஸ் போட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறந்து நீட்டினாள். ஹாஸ்டல் இல்லை, அம்மாவுக்கு ஒரு ஷிப்ட் மட்டும் என்று எழுதினேன். ஒரு ஷிப்ட் என்பதன் கீழே கோடு போடச் சொன்னாள், போட்டேன். தேதி போடச் சொன்னாள். கையெழுத்துப் போட்டேன். அப்பாவும் போட வேண்டும் என்றாள். அவர் வந்து, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். அவள் நோட்டை வாங்கி, எழுத்து எழுத்தாக இரண்டு தடவை படித்தாள். அளவெல்லாம் சரியாக இருந்தது. நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.