என் ஆளும் அவன் ஆளும்

இரண்டு பேரில் யார் பெரியவர் என்று கேட்கிற ஆளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. பூப்பந்தாட்டமோ சினிமாவோ, அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மற்றவர்கள் அடித்துக்கொள்வதை ரசிக்கிற ஒரு முகம் உண்டு. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எழுபதுகளின் பிற்பாதியில் சில வருடங்கள் நானே அதை மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது நான் பினாங்குத் தீவில், பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா. எங்களுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம், தலைமுறையாகக் குமாஸ்தாக்கள். அப்பா தினமும் ஃபெர்ரி ஏறி அக்கரையில் பட்டர்வொர்த் ரயில்வே அலுவலகத்துக்குப் போய் வந்தார். வீட்டில் ஒரு பியானோ இருந்தது. வாசிப்பதற்காக அல்ல, எங்கள் வீட்டில் பியானோ இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதற்காக. நான் லண்டன் பியானோப் பரீட்சையில் ஐந்தாம் நிலைவரை தேறினேன். ஆறாம் நிலையில் இரண்டு தடவை விழுந்தேன். அதோடு வாசிப்பதை விட்டுவிட்டு, வாசிக்கிறவர்களை எடை போட ஆரம்பித்தேன். அதற்குப் பரீட்சை கிடையாது.

புரோகிரஸிவ் ராக் என்ற இசை இங்கிலாந்திலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. மூன்று நிமிடப் பாட்டெல்லாம் அதில் கிடையாது. இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். பாடுகிறவர் நடுவில் ஒதுங்கிக்கொள்வார். கீபோர்டுக்காரர் தன்னைச் சுற்றி ஐந்தாறு வாத்தியங்களை அடுக்கி வைத்துக்கொண்டு தன் வித்தையையெல்லாம் இறக்குவார். அப்படி இரண்டு பேரை நாங்கள் பிடித்துக்கொண்டோம். பெயர்கள் வேண்டாம். ஒருவரை வலதுகைக்காரர் என்போம், மற்றவரை இடதுகைக்காரர் என்போம். வலதுகைக்காரர் சிந்தசைசரில் மேலும் கீழும் ஓடி ஓடிச் சுரங்களைக் கொட்டுவார். இடதுகைக்காரர் ஆர்கனில் அடிச்சுரம் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதன்மேல் மற்றதையெல்லாம் யோசித்து யோசித்து வைப்பார். வலதுகைக்காரர் என் ஆள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இசையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒன்றும் இல்லை. நாங்கள் அப்படிச் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு தையல்கடையின் மாடியில் கூடுவோம். கல்யாண வீடுகளில் வாசிக்கும் ஒரு குழு அந்த அறையில் தன் வாத்தியங்களைப் போட்டு வைத்திருந்தது. நாங்கள் நான்கு பேர். நான், பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் ஒருவர், சுங்க இலாகாக் குமாஸ்தா ஒருவர், அப்புறம் அந்தக் கல்யாணக் குழுவில் ஆர்கன் வாசித்த இளைஞன். காப்பியை நெகிழிப் பையில் கட்டி வாங்கி வந்து உறிஞ்சிக்கொண்டு, வியர்வை நாற்றத்தில் உட்கார்ந்து, கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சண்டை பிடிப்போம். விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருக்கும் நிறுத்துக் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். அன்றோடு எங்கள் மூளை கெட்டது. ஒரு விநாடிக்கு யார் எத்தனை சுரம் வாசிக்கிறார் என்று எண்ணத் தொடங்கினோம். ஒரு மனுஷன் ராத்திரி பகலாக உட்கார்ந்து யோசித்து வாசித்ததை நாங்கள் நூறு மீட்டர் ஓட்டமாக ஆக்கினோம். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதியும் வைத்தோம். ஒவ்வொரு ஞாயிறும் என் ஆள்தான் ஜெயித்தார். நான் ஜெயித்த மாதிரி காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். நினைத்தால் கூசுகிறது.

ஆர்கன் வாசித்த அந்த இளைஞனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் நால்வரில் உண்மையாகவே வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் அப்பா வெல்ட் கீ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தான், வானொலிப் பெட்டிக்குள் போகும் சின்னச் சின்ன உறுப்புகளைப் பற்றவைக்கிற வேலை. நோட்டு என்கிற இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டதைக் கையால் வாசிப்பான். அந்த ஆர்கனில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழும்பாது. அவற்றைச் சுற்றிப் போய் வாசிக்கிற அளவுக்கு அவன் கை பழகியிருந்தது. அவன் இடதுகைக்காரரின் பக்கம். எனக்கு அதுவே எரிச்சல். ஆறாம் நிலையில் விழுந்தவனுக்கு, ஒரு நிலையும் எழுதாதவன் இசை பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பது பொறுக்காது.

அந்த வருடம் பத்து ஃபெரிங்கியில் ஒரு ஹோட்டல் தன் இசைக்குழுவுக்கு ஆர்கன் வாசிக்க ஆள் தேடியது. தம்பி விண்ணப்பித்திருந்தான். வாசித்துக் காட்ட ஒரு புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் கிலாங் ஷிப்ட் வேலையை விட்டுவிடலாம், வாழ்க்கை முழுக்க வாசித்தே சாப்பிடலாம். அவனுக்கு வேறு எந்த ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிறு, வழக்கம்போலக் கடிகாரச் சண்டை. வலதுகைக்காரரின் ஒரு நீண்ட ஓட்டம், முக்கால் நிமிடம் இருக்கும், அதைப் போட்டு நான் பெருமை பீற்றிக்கொண்டிருந்தேன். தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, வேகம் என்னாண்ணே வேகம்? பழகுனா கை ஓடும் லா. எங்க ஆளு வாசிக்காம விடுற எடம் இருக்கு பாருங்க, அதுதான் கஷ்டம்."

"பழகினா ஓடுமா? நீ ஓட்டிக் காட்டு பாப்போம்," என்றேன். "கேசட்டோட சேர்ந்து வாசி. ஒரு சுரம் பின்னால விழுந்தாலும் இனிமே இந்த அறையில நீ வாயத் தொறக்கக் கூடாது."

அவன் சிரித்தான். ஆனால் ஒத்துக்கொண்டான். ஹோட்டலுக்குப் போகிற புதனுக்கு முந்தைய ஞாயிறு என்று நாள் குறித்தோம். அங்கேயும் அதையே வாசித்தால் அசந்துபோவார்கள் என்று விளையாட்டு ஆசிரியர் ஏற்றிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து லண்டனில் படித்துக்கொண்டிருந்த என் அண்ணன் ஒரு இசைக்குறிப்புப் புத்தகம் அனுப்பினார். வலதுகைக்காரரின் பாட்டுகள் அச்சாகியிருந்தன. ஆசையாக அந்த ஓட்டத்தைப் புரட்டினேன். புத்தகத்தில் அது ஈ மைனர் சுருதியில் இருந்தது. எங்கள் கேசட்டில் எஃப் மைனரில் ஒலித்தது. அரைக்கட்டை ஏற்றம். வீட்டுப் பியானோவில் தட்டிப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. கேசட்டில் சுருதி ஏறியிருக்கிறது என்றால் வேகமும் ஏறியிருக்கிறது.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எங்களுக்கு இசைத்தட்டுகளைக் கேசட்டில் பதிந்து தரும் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், நல்ல மனிதர். கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். இசைத்தட்டு சுற்றும் மேடையில் ஒரு திருகி இருந்தது, அதைக் காட்டினார்.

"இவரு பாட்டெல்லாம் நீளம் சார், டேப்பு பத்தாது. கடைசியில அறுந்துபோனா நீங்கதானே வந்து சத்தம் போடுவீங்க? இத லேசா முடுக்கி விட்டா முழுசும் அடங்கிரும் லா. எவனுக்குத் தெரியப் போவுது?"

"அந்த இன்னொருத்தர் பாட்டு?"

"அது கட்டையாத்தானே இருக்கு. அத எதுக்கு முடுக்கணும்?"

ஆக, என் ஆள் வேகமானவராக இருந்ததற்குக் காரணம் அவர் கை அல்ல. அவருடைய இசைத்தட்டு நீளம், கடைக்காரருடைய டேப் குட்டை. நாங்கள் தாளில் எழுதி வைத்திருந்த கணக்கெல்லாம் அந்தத் திருகியின் கணக்கு. நான் அங்கேயே சிரித்திருக்க வேண்டும். நேரே பினாங்கு ஸ்ட்ரீட்டுக்குப் போய்த் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் ஆள் தோற்றுப்போவார். அதற்காகச் சொல்லவில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லை. இத்தனை வருடமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தைப் பியானோ நாற்காலியின் மூடிக்குள் வைத்து மூடினேன்.

தம்பி ஷிப்ட் முடிந்து தினமும் அந்த மாடிக்குப் போய்ப் பழகினான். எஃப் மைனரில் கறுப்புக் கட்டைகள் அதிகம். கட்டை விரலை வைக்க வாகான இடம் கிடைக்காது. அதிலும் அந்த ஆளே வாசித்திராத வேகம். நாலாம் வாரம் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் இழுக்கிறது என்றான். தைலம் தேய்த்துக்கொண்டான். ஐந்தாம் வாரம் சீன வைத்தியரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அறையெல்லாம் மருந்து வாடை.

"கைய கொஞ்சம் ரெஸ்ட்டுல விடேன்," என்றேன்.

"இன்னும் கொஞ்சந்தாண்ணே. கடைசி எடத்துலதான் ஒரு மயிரிழை பின்னால போவுது. அவருக்கு வருது, எனக்கு வராதா?"

அவருக்கும் வரவில்லையடா என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். காப்பியை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காப்பியின் இனிப்பை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது.

குறித்த ஞாயிறு வந்தது. விளையாட்டு ஆசிரியர் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். சுங்கக் குமாஸ்தா கேசட்டைப் போட்டார். தம்பி கைக்கட்டை அவிழ்த்துவிட்டு ஆரம்பித்தான். நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் சுரத்திலிருந்து அவன் கேசட்டோடு ஒட்டிக்கொண்டு போனான். முப்பது விநாடி தாண்டியது. ஒலிபெருக்கி எது, அவன் எது என்று பிரிக்க முடியவில்லை. அந்த எழும்பாத இரண்டு கட்டைகளையும் சுற்றிக்கொண்டு போனான். இன்னும் நாலைந்து விநாடி இருக்கும்போது கை நின்றது. மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. மற்ற கையால் பிரித்துப் பார்த்தான், பிரியவில்லை. கேசட் மட்டும் ஓடி முடித்தது.

சுங்கக் குமாஸ்தா சிரித்தார். விளையாட்டு ஆசிரியரும் சிரித்தார். நான் எழுந்து நின்று, "பாத்தியா? என் ஆளு என் ஆளுதான்," என்று கைதட்டினேன். தம்பியும் பாவம், கையைப் பிடித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

புதன்கிழமை அவன் ஹோட்டலுக்குப் போனான். கை வீங்கியிருந்தது. ஒரு பாட்டுக்கூட முழுசாக வாசிக்க முடியவில்லை. வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். வீக்கம் வடிந்தது, விரல்கள் சரியாக வரவில்லை. கொஞ்ச நாளில் கல்யாணக் குழுவும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தானாகக் கலைந்தது. நான் அலுவலகத்தில் உயர்ந்தேன், காடி வாங்கி ஓட்டினேன், வலதுகைக்காரரைக் கேட்பதை நிறுத்தினேன். அவர் பாட்டு எங்காவது ஒலித்தால் எழுந்து போய்விடுவேன். அவர் என்ன செய்தார், பாவம். நன்றாகத்தான் வாசித்தார்.

தொண்ணூறுகளில் ஒரு தீபாவளி. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுக்குத் தம்பி அழைத்திருந்தான். அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் ஆகியிருந்தான். மனைவி முறுக்கும் நெய்யுருண்டையும் எடுத்து வைத்தார். பேசிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, ஒங்க ஆளு சி.டி. வாங்கியிருக்கேன், கேளுங்க," என்று போட்டான்.

அந்த ஓட்டம் வந்தது. தம்பி நெற்றியைச் சுருக்கினான். மகளுடைய சின்ன கீபோர்டை மடியில் எடுத்து வைத்து இடது கையால் தட்டினான். சுருதி சேரவில்லை. ஒரு கட்டை தள்ளித் தட்டினான், சேர்ந்தது. மறுபடி முதலிலிருந்து போட்டான்.

"மெதுவா இருக்குண்ணே. சி.டி.யில கெடுத்துட்டானுங்களா?" என்றான். அப்புறம் தானே தலையை ஆட்டினான். "இல்ல இல்ல. சி.டி. எப்பிடித் தப்பா ஓடும்? அந்தக் கேசட்டுக் கடைக்காரரு வேகத்த ஏத்திப் பதிஞ்சிருக்காரு!"

அவன் முகம் கறுக்கும் என்று காத்திருந்தேன். அது மலர்ந்தது. அடுப்படியைப் பார்த்துக் கத்தினான்.

"ஏய், இங்க வா! நான் அன்னிக்கு இவர விட வேகமா வாசிச்சிருக்கேன் புள்ள! ஒலகத்துலயே பெரிய ஆளு, அவர விட! அண்ணன்தான் சாட்சி, கேளு!"

அவன் மனைவி ஈரக் கையோடு வந்து நின்று என்னைப் பார்த்தார். "நெஜமாவாண்ணே?"

"ஆமாம்," என்றேன். அன்று நான் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "ஒங்களுக்குக்கூட தெரியாமப் போச்சு பாத்தீங்களா? நோட்டெல்லாம் படிச்சவங்க நீங்க."

"எனக்கும் தெரியாமத்தான் போச்சு," என்றேன்.

என் முகத்தில் அவன் எதைக் கண்டானோ, எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டான். "விடுங்கண்ணே. நீங்க மட்டும் என்ன செய்வீங்க? நாம எல்லாருந்தானே ஏமாந்தோம்."

மனைவி முறுக்குத் தட்டை நீட்டினார். நான் ஒன்றை எடுத்துத் தின்றேன். நல்லா இருக்கு என்றுகூடச் சொன்னேன்.