சண்முகராசாவின் பன்னிரண்டு மணி

என் அத்தான் சண்முகராசாவை எனக்கு முப்பத்திரண்டு வருடங்களாகத் தெரியும். அதில் ஒரு நாள்கூட அவரை மனதால் மதித்ததாக நினைவில்லை. மாலினி அக்காவைக் கட்டியவர் என்பதால் நேரில் மரியாதை கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் கடைசி நான்கு வருடமும் நான் அவர்களுடைய வீட்டில்தான் இருந்தேன். வேலை முடிந்ததும் ஸ்டேஷன் வாசலில் நின்றபடியே இருவரும் சொசேஜ் தின்போம். அது எந்த மிருகம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கடுகு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லித்தான் கேட்பார். பாஸ்போர்ட் கிடைத்து லண்டனுக்கு வந்தார், நகரின் தெற்கு ஓரத்தில் சட்டனில் வீடு வாங்கினார், குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கும் தொழில் செய்தார். ஐம்பத்தைந்து வயதில் லூயிஷாம் சிவன் கோவில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போனவர் சைவமாகத் திரும்பி வந்தார். அது அவருடைய விருப்பம். ஆனால் மறுநாளே வீடு முழுக்கச் சைவம் என்று சட்டம் போட்டார். அக்கா இன்றைக்கும் தோட்டத்துக் கொட்டிலில்தான் மீன் பொரிக்கிறாள்.

அவர்களுடைய ஒரே மகள் கோசிகாவுக்குக் கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. சட்டனிலிருந்து போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர ஒன்றே முக்கால் மணி நேரம். அவள் கல்லூரி விடுதியில் தங்க விரும்பினாள். காலையும் இரவும் சாப்பாடு தரும் விடுதி அது. யார் எந்தச் சட்டியைத் தொட்டது என்ற விசாரணை இல்லாமல் ஒரு பிடி சாப்பிடவேண்டும், அது போதும் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

விடுதியைப் பார்க்க அத்தானும் வந்தார். நான்தான் கார் ஓட்டினேன். மகள் படுக்கப்போகும் அறையை அவர் எட்டியும் பார்க்கவில்லை. அறைக் கதவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்கவில்லை. நேரே கன்ரீனுக்குப் போய்ச் சமையல்காரப் பெண்ணைப் பிடித்தார்.

“மாடு கிளறின கரண்டியாலயோ பருப்புக் கிளறுறியள் எண்டு கேள் பிள்ளை,” என்றார்.

கோசிகா காது சிவக்க மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் கோபப்படாமல் பச்சைப் பிடி போட்ட கரண்டிகளையும், பச்சை வெட்டுப்பலகைகளையும் எடுத்துக் காட்டினாள். அவையெல்லாம் மரக்கறிக்கு மட்டும் என்றாள். அத்தான் ஒரு கரண்டியை வாங்கி மோந்து பார்த்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

திரும்பும் வழியில், “ஜீவரத்தினம் வீட்டில ஒரு அறை சும்மா கிடக்கு. கோவிலுக்கும் கிட்ட. சுத்த சைவம்,” என்றார். ஜீவரத்தினம் அவருடைய கோவில் கூட்டாளி. அங்கே மூன்று சின்னப் பிள்ளைகள், தாய் தகப்பன் இருவரும் ஷிப்ட் வேலை. அந்தப் பிள்ளைகளை யார் பார்க்கப் போகிறார் என்பது காரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு அத்தான் சம்மதித்தார். அதுவும் மகளுக்காக இல்லை. கோவிலில் இன்னொருவருடைய மகளும் விடுதியில்தான் தங்குகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார். விண்ணப்பத்தை ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்பினால் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு அறை நிச்சயம். கோசிகா எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தாள். ஒரு பொத்தானை அழுத்துவதுதான் பாக்கி. அதற்குத் தானே நல்ல நேரம் பார்த்துச் சொல்வதாக அத்தான் தடுத்து வைத்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். டூட்டிங் தமிழ்க் கடையில் கொடுத்த கலண்டரைப் பத்தரைக்கு அத்தான் உற்றுப் பார்த்தார்.

“பத்தரையிலயிருந்து பன்னிரண்டு மட்டும் ராகுகாலம். முடியட்டும்.”

“பன்னிரண்டுக்குப் பூட்டிடுவாங்கள் அப்பா,” என்றாள் கோசிகா.

“ஒரு நிமிசம் பிந்தினால் என்ன, வெள்ளைக்காரன் தலையைச் சீவிப்போடுவானோ?”

அந்தக் கலண்டர் யாழ்ப்பாணத்தில் ஆறு மணிக்கு உதிக்கும் சூரியனுக்குக் கணக்குப் பார்த்தது. சட்டனில் ஜூன் மாதம் ஐந்துக்கு முன்னமே விடிந்துவிடும். டைல்ஸ் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் உடைத்துத் திரும்பப் பதிக்கிற மனுசன், ராகுவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊர் அளவில் பதிக்கிறார். இதைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு அக்கா வைத்த மரக்கறி றோல்ஸில் இன்னொன்றை எடுத்துக் கடித்தேன்.

கோசிகா எழுந்து தேநீர் போடப் போனாள். கோப்பையோடு வந்து மடிக்கணினிக்கு முன்னால் அமர்ந்தாள்.

பன்னிரண்டு ஒன்றுக்கு அத்தான், “இப்ப அமத்து,” என்றார்.

விண்ணப்பிக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் எழுதியிருந்தது. அவள் கணினியைத் தகப்பன் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் இரண்டு தரம் வாசித்தார். அவருடைய முகத்தில் கவலை வரும் என்று பார்த்தேன், நிம்மதி வந்தது. உடனே ஜீவரத்தினத்துக்குப் போன் எடுத்தார். தன் வேலையை ராகுவைக்கொண்டு செய்வித்த அற்ப மனுசன் என்று அருவருத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கோசிகாவுக்கு டூட்டிங்கில் பகுதிநேர வேலை. காரில் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு தெரு தாண்டியதும், “நான் உன்ர அப்பாவுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்,” என்றேன்.

“நீங்கள் சொல்லமாட்டீங்கள் எண்டு தெரியும் மாமா. அதுதான் தேத்தண்ணி போடேக்க போனிலயிருந்து அனுப்பிப்போட்டன்.” போனைக் காட்டினாள். விண்ணப்பம் பத்து நாற்பத்தெட்டுக்குக் கிடைத்தது என்று கல்லூரி பதில் போட்டிருந்தது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அத்தானின் முகத்தை நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

“அப்பா இப்ப ஜீவரத்தினம் அங்கிளுக்கு ஓம், அறை வேணும் எண்டு சொல்லிக்கொண்டு இருப்பார். எனக்குத் தனியச் சொல்லப் பயமா இருக்கு. திரும்பிப் போவமா? நீங்கள் பக்கத்தில நிண்டால் போதும்.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

“நாளைக்குப் பாப்பம்,” என்றேன்.

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்த முன் குனிந்து என்னை ஒருதரம் பார்த்தாள், பிறகு வந்த வழியே வீட்டை நோக்கி நடந்தாள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. முப்பத்திரண்டு வருடமாக நான் அத்தானைப் பார்க்கிற பார்வைதான் அது.