நெடுந்தீவைச் சுற்றி உறைந்த கடல்

எந்த வரைபடம் கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது சொந்த ஊரைத்தான். துருவக் கடல்களின் பனியைச் விண்ணில் சுற்றும் செய்மதிகளின் தரவிலிருந்து படமாக்கும் வேலைக்கு வந்தபிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எங்கள் ஊரான சரவணையில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் குழுவுக்குச் செய்த வேலை அது. தகுதிகாண் காலம் மூன்று மாதம். கடைசிக் கூட்டத்தில் என் படம் எடுபடாவிட்டால் கொழும்பில் வேறு வேலையும் ஓர் அறையும் தேட வேண்டியதுதான்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் உலகப் படத்தை முழுதாக விரித்து எங்கள் பக்கம் வந்தேன். எங்கள் ஊர்க் கடலிலிருக்கும் நெடுந்தீவைச் சுற்றி வெள்ளை வெளேரென்று பனி!

அக்காவின் கணவர் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

“மச்சாள், நாளைக்குப் படகில போகேக்க சுவெற்றர் போட்டுக்கொண்டு போகவோ?”

“பகிடி விடாதேங்கோ அத்தான், எனக்கு வேலை போகப்போகுது.”

இரண்டு நாள் என் கணக்கைக் குடைந்தேன். அதில் பிழை இல்லை. குழுத் தலைவிக்கு எழுதினேன். வெப்பக் கடலில் பனி இல்லையென்று எல்லோருக்கும் தெரியும், அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத் துருவத்தை மட்டும் காட்டுங்கள் என்று பதில் வந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் ஊரை வெட்டிப் போடுவதா?

அந்தக் கோபத்தோடேயே யோசித்தேன். அந்தச் செய்மதி கடலைப் பெரிய பெரிய கட்டங்களாகத்தான் பார்க்கிறது. ஒரே கட்டத்துக்குள் கரையும் தண்ணீரும் சேர்ந்து விழுந்தால் இரண்டையும் கலந்து பனி என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே அது பொய்யென்று அத்தானுக்கே தெரியும். வட துருவக் கரையில் அதே பொய்யைச் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அங்கத்தைய கோடைகாலப் படங்களை எடுத்து, அதே நாட்களில் வேறொரு செய்மதி பிடித்த புகைப்படங்களோடு ஒப்பிட்டேன். என் படத்தில் கரை நெடுகிலும் வெள்ளை விளிம்பு. புகைப்படத்தில் வெறும் தண்ணீர். கதிரையை விட்டு எழும்பித் துள்ளினேன்.

கூட்டத்தில் முதலில் நெடுந்தீவைத்தான் காட்டினேன். சிரித்தார்கள். பிறகு துருவக் கரையைக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“இத்தனை நாள் எங்கள் கண்ணில் படவில்லையே, எப்படிப் பிடித்தீர்கள்?” என்று தலைவி கேட்டார்.

“முதலில் என் வீட்டைத் தேடினேன்,” என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த நாளே வேலை நிரந்தரமென்று கடிதம் வந்தது. உலகத்துக் கரைகளையெல்லாம் திருத்தும் பொறுப்பும் என்னிடமே வந்தது. திருத்தி முடித்ததும் அத்தானைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். நெடுந்தீவைச் சுற்றிவர நீலக் கடல்.

“இனிச் சுவெற்றரைக் கழட்டுங்கோ அத்தான்,” என்றேன்.